ஒலி உண்டு, ஒளி இல்லை: பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பழுதை அறியும் வகை

தாயகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டி வெறும் பொழுதுபோக்குக் கருவி அன்று. வேலைக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்வோரும் புறப்பட்டுப் போன பின்னர், அண்டை வீட்டாரின் மொழியை அறியாத முதியோர்க்குப் பகல் முழுதும் தமிழ் பேசும் துணை அது ஒன்றே. ஊரில் மழை பெய்ததா, காவிரியில் நீர் வந்ததா என்பனவற்றையும் அவர்கள் அதன் வாயிலாகவே அறிகின்றனர். ஆதலின் ஒரு மாலைப் பொழுதில் அப்பெட்டியின் முகம் திடீரென்று இருண்டு, செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் ஒலித்துக் கொண்டிருக்குமாயின், அவ்வீட்டில் உண்டாகும் கவலை சிறிதன்று.

மறுநாள் பழுது பார்ப்பவர் வருகிறார். பெட்டியை ஒரு முறை போட்டுப் பார்க்கிறார். "பேனல் கயா" என்கிறார். பேனல் போய்விட்டது என்று பொருள். அந்த இரண்டு சொற்களைக் கேட்டவுடன் நம்மில் பலர் அப்பெட்டியைக் கபாடிக்காரரிடம் அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டு, மாதத் தவணையில் புதியது வாங்க முற்படுகிறோம். உண்மையில், ஒலி கேட்டுப் படம் மட்டும் மறைந்த பெட்டிகள் பலவற்றில் பேனல் பழுதுபடுவதே இல்லை. அதன் பின்னால் எரியும் விளக்கு மட்டுமே அணைந்திருக்கும். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை, மூடியைத் திறவாமல், ஒரு டார்ச் விளக்கைக் கொண்டு நாமே அறியலாம். அதை அறிந்தவர் ஏமாற மாட்டார்; வீண் செலவும் செய்ய மாட்டார். அவ்வழியையும், நம் கை எந்த எல்லையில் நின்றுவிட வேண்டும் என்பதையும் இங்கே எடுத்துரைப்போம்.

தோற்பாவைக் கூத்தும் தொலைக்காட்சியும்

நம் நாட்டுத் தோற்பாவைக் கூத்தைக் கண்டவர்க்கு இப்பெட்டியின் அமைப்பை விளக்குவது எளிது. வெண்திரைக்குப் பின்னே விளக்கு எரிகிறது. விளக்கிற்கும் திரைக்கும் இடையே வண்ணந்தீட்டிய தோற்பாவைகள் ஆடுகின்றன. பாவைகளுக்குச் சொந்த ஒளி இல்லை. பின்னிருந்து வரும் ஒளியைச் சிறிது விட்டும் சிறிது தடுத்துமே அவை உருவம் காட்டுகின்றன. விளக்கு அணைந்துவிட்டால் கூத்தாடுபவர் பாடிக் கொண்டுதான் இருப்பார். பாவைகளும் ஆடிக் கொண்டுதான் இருக்கும். காண்பவர்க்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

எல்.சி.டி. தொலைக்காட்சியும் இத்தகையதே. இதில் பாவைகளின் தொழிலைச் செய்வது திரவப் படிகம் என்னும் பொருள். 1888-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் பிரீட்ரிக் ரைனிட்சர் இப்பொருளின் விந்தையான இயல்பை முதலில் கண்டார். நீரைப் போல் நெகிழ்ந்தும், படிகத்தைப் போல் ஒழுங்குற்றும் இருப்பது இதன் தன்மை. மின்னழுத்தத்தை மாற்றினால் இதன் மூலக்கூறுகள் நிலை மாறுகின்றன. ஒளியை மறிக்கும் கண்ணாடித் தாள்களுடன் சேர்ந்து, ஒளியைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன. 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் குறுக்கே 1366, நெடுக்கே 768 என்ற கணக்கில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு சன்னல்கள் இருக்கின்றன. இச்சன்னல்கள் யாவும் அமைந்த கண்ணாடித் தகட்டைத்தான் பேனல் என்கிறோம். அதன் பின்னே எரியும் விளக்கைப் 'பேக்லைட்', அதாவது பின்னொளி என்கிறோம். விலை உயர்ந்தது பேனல். அடிக்கடி கெடுவதோ பின்னொளியும் அதற்கு மின்சாரம் ஊட்டும் பகுதியுமே.

பின்னொளி இருவகை

முதலில் வந்த எல்.சி.டி. பெட்டிகளில் பின்னொளியாக அமைந்தவை மெல்லிய கண்ணாடிக் குழல்கள். நம் வீட்டு டியூப்லைட்டின் தம்பிகள் என்று அவற்றைக் கூறலாம். 3 அல்லது 4 மில்லிமீட்டர் பருமனே உள்ள அக்குழல்களுக்குள் சிறிதளவு பாதரச ஆவி உண்டு. சூடேறும் இழை இல்லாமையால் அவற்றைக் குளிர்முனைக் குழல்கள் என்பர். பழுது பார்ப்போர் 'சி.சி.எப்.எல்.' என்பர். அவை எரிவதற்குப் பல நூறு வோல்ட் மின்னழுத்தமும், எரியத் தொடங்கும் கணத்தில் அதனினும் மிகுதியும் வேண்டும். அதனை ஆக்கித் தருவது இன்வர்ட்டர் பலகை. மின்வெட்டுக்காக நாம் வீட்டில் வைத்திருக்கும் இன்வர்ட்டர் வேறு, இது வேறு; பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும் சிறு மின்பலகை இது.

2009-ஆம் ஆண்டு முதல் 'எல்.இ.டி. டி.வி.' என்ற பெயரில் மெல்லிய பெட்டிகள் சந்தையில் பரவின. இவை வேறு இனம் என்று பலர் எண்ணுகின்றனர்; அது பிழை. இவையும் எல்.சி.டி. பெட்டிகளே, குழல் விளக்கிற்குப் பதிலாகச் சிறு சிறு எல்.இ.டி. விளக்குகள் பட்டிகளில் பதிக்கப்பட்டிருப்பதே வேறுபாடு. ஒரு பட்டியின் விளக்குகள் பெரும்பாலும் சரம் போல ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஆதலின் ஒரு விளக்கு அறுந்தால் அச்சரம் முழுவதும் அணையும். சில பெட்டிகளில், அதனை உணர்ந்த மின்பலகை மற்றச் சரங்களையும் நிறுத்திவிடும்.

நம் வீட்டுப் பெட்டி எவ்வகை என்பதை அறிய, அதன் முதுகிலுள்ள சீட்டைப் பார்க்க வேண்டும். 32 அங்குலப் பெட்டியில் 100 வாட்டும் அதற்கு மேலும் குறித்திருந்து, பெட்டியும் தடித்திருக்குமாயின் அது பெரும்பாலும் குழல் விளக்குப் பெட்டியே. அதே அளவுள்ள எல்.இ.டி. பெட்டிக்கு அதில் ஏறத்தாழப் பாதி மின்சாரமே போதும்.

மூடியைத் திறவாமல் செய்யத்தக்க சோதனைகள்

முதலாவதாக, பழுது பெட்டியிலா, வெளியிலா என்பதை அறிய வேண்டும். தொலைக்காட்சிக்குரிய ரிமோட்டை எடுத்து 'மெனு' பொத்தானை அழுத்துக. செட்டாப் பெட்டியின் ரிமோட்டை அன்று. திரையில் பட்டியல் தெளிவாகத் தோன்றினால் தொலைக்காட்சியில் குற்றம் இல்லை. செட்டாப் பெட்டியையோ கேபிளையோ பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, பெட்டியின் கீழ் விளிம்பிலுள்ள சிறு விளக்கைக் கவனிக்க வேண்டும். அதுவும் எரியாமல், ஒலியும் இல்லையாயின் பெரும்பாலும் மின்சாரம் ஊட்டும் பகுதியிலேதான் பழுது. பிளக்கையும் சுவிட்சையும் ஸ்டெபிலைசரையும் முதலில் சரி பார்த்துக் கொள்வது நன்று. ஒலி மட்டும் வருமாயின், சில பெட்டிகளில் பாட்டு கேட்பதற்கென்று படத்தை மட்டும் அணைத்துவைக்கும் வசதி உண்டு என்பதை மறக்கலாகாது. குழந்தைகள் ரிமோட்டை அழுத்தி விளையாடும் வீடுகளில் இது நேர்வதுண்டு. ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் திரும்பிவிடும். இவ்வளவும் பார்த்த பின், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு மீண்டும் செருகிப் பார்க்கலாம்.

மூன்றாவதே தலையாய சோதனை. இரவில், அறையின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பெட்டியைப் போட வேண்டும். ஒலி வந்தவுடன், வெளிச்சம் மிகுந்த ஒரு டார்ச் விளக்கைத் திரையின் மிக அருகில், நேராக அன்றிச் சற்றுச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். கைப்பேசியிலுள்ள விளக்கும் போதும். ஓடும் படத்தைக் காட்டிலும் அசையாத மெனுப் பட்டியல் கண்ணுக்கு எளிதில் புலப்படும். ஆதலின் மெனுவை அழுத்திவிட்டு, டார்ச்சை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். எழுத்துகளோ உருவங்களோ நிழல் போல் மங்கலாகத் தெரியுமாயின் ஐயமே வேண்டா. பேனல் வேலை செய்கிறது, பின்னொளிதான் அணைந்திருக்கிறது. சில திரைகளின் மேற்பூச்சு டார்ச் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஆதலின் ஒரு முறை தெரியவில்லை என்று விட்டுவிடாமல், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு சாய்வில் பார்ப்பது முறை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இருட்டறையில் திரை முழுவதும் சாம்பல் நிறமாக ஒளிர்ந்து கொண்டிருந்து, படம் மட்டும் வாராதிருக்கலாம். அப்பொழுது பின்னொளி நன்றாகவே எரிகிறது. குற்றம் பேனலிலோ, அதற்குச் செய்தி அனுப்பும் பலகையிலோ, இடையிலுள்ள பட்டைக் கம்பியிலோ இருக்கும். திரையில் மை கொட்டியது போன்ற கறையும், வெடிப்பும், ஒருநாளும் நீங்காத நெடுங்கோடுகளும் தோன்றினால் பேனல் உண்மையிலேயே பழுதுபட்டிருக்கக் கூடும்.

அணையும் விதம் சொல்லும் செய்தி

பின்னொளிதான் காரணம் என்று தெரிந்த பின், அது அணையும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால் மேலும் சில செய்திகள் கிடைக்கும்.

போட்டவுடன் படம் ஓரிரண்டு விநாடி தோன்றிப் பிறகு மறைந்து, ஒலி மட்டும் தொடர்கிறதா? குழல் விளக்குப் பெட்டியாயின், ஏதோ ஒரு குழலோ இன்வர்ட்டர் பலகையிலுள்ள ஒரு டிரான்ஸ்பார்மரோ பழுதுற்றதைக் கண்டு, பலகை தன்னைத் தானே காத்துக் கொள்வதற்காக விளக்குகள் யாவற்றையும் நிறுத்துகிறது என்று கொள்ளலாம்.

போட்டவுடன் திரை செந்நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ தோன்றி, நேரம் செல்லச் செல்லத் தெளிகிறதா? குழல்கள் முதுமையடைந்துவிட்டன.

முதலில் துடித்துத் துடித்து எரிந்து, சூடேறிய பின் நிலைபெறுகிறதா? அல்லது 'டிக், டிக்' என்ற ஓசையுடன் நெடுநேரம் கழித்தே உயிர் பெறுகிறதா? மின்பலகையிலுள்ள கண்டென்சர்கள் உப்பியிருக்கலாம். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் செய்யப்பட்ட மின்கருவிகள் பலவற்றில் தரங்குறைந்த கண்டென்சர்கள் இடம்பெற்றன. அவற்றின் தலை தட்டையாக இராமல் குடை போல மேலெழுந்திருப்பதைப் பழுது பார்ப்பவர் கண்ணாலேயே கண்டு கொள்வார். இப்பழுதைத் தீர்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

எல்.இ.டி. பெட்டியில் திரையின் ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால் ஒரு சரம் அறுந்திருக்கும். வெள்ளைப் பொட்டுகள் போல் சில இடங்கள் மட்டும் மிகுதியாக ஒளிர்ந்தால், விளக்கின் மீது ஒட்டியிருந்த சிறு குமிழ் கழன்று விழுந்திருக்கும். படம் முழுவதும் நீலம் பாய்ந்து தோன்றினால், நீல ஒளியை வெண்மையாக்கும் மேற்பூச்சு வெப்பத்தால் கெட்டுவிட்டது என்று அறியலாம்.

மூடியைத் திறக்கலாமா?

திறக்கலாகாது என்பதே நம் விடை. இதனை அச்சமூட்டுவதற்காகக் கூறவில்லை. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம், பெட்டிக்குள் நேர்மின்சாரமாக மாறும்போது 300 வோல்ட்டுக்கு மேற்பட்டு ஒரு பெரிய கண்டென்சரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அது அங்கே சிறிது நேரம் தங்கியிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற துணிவில் கை வைப்பவரைத் தாக்குவது இதுவே. குழல் விளக்குப் பெட்டியின் இன்வர்ட்டர் பகுதியோ இதனினும் கொடிது. ரேடியோவைத் திறந்து பார்த்த பழக்கம் உடையவர்கள் அத்துணிவை இங்கே கொண்டு வருதல் வேண்டா.

வேறொரு காரணமும் உண்டு. பின்னொளியை அடைய வேண்டுமானால் கண்ணாடிப் பேனலை முழுமையாகத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். அது அப்பளம் போன்றது. ஒரு மூலை சிறிது வளைந்தாலும் வெடித்துவிடும். நூறு ரூபாய்ப் பழுதைச் சீர் செய்யப் போய், நல்ல பேனலை உடைத்து, "பேனல் கயா" என்ற பொய்யை நாமே மெய்யாக்கிவிடக் கூடாது.

குழல் ஏதேனும் உடைந்துவிட்டால் பாதரசத்தை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு குழலில் சில மில்லிகிராம் அளவே இருக்கும். எனினும் சன்னல்களைத் திறந்து, குழந்தைகளை அப்புறப்படுத்திச் சிறிது நேரம் காற்றோட விட வேண்டும். துடைப்பத்தாற் பெருக்கினால் தூள் பரவும். தடித்த காகிதத்தால் துண்டுகளை வாரி, ஈரத் துணியால் துடைத்து, அவற்றையெல்லாம் மூடியுள்ள புட்டியில் இடுவதே முறை.

பழுது பார்ப்பவரிடம் பேசும் வகை

மொழி நம்முடையதன்று என்னும் தயக்கத்தாலேயே நம் தாய்மார்கள் பலர் பழுது பார்ப்பவர் சொன்னதை அப்படியே ஏற்றுக் கொள்கின்றனர். இந்தி வழங்கும் ஊர்களில், "டார்ச் சே தஸ்வீர் திக்தீ ஹை, பேக்லைட் செக் கீஜியே" என்று கூறினால் போதும். டார்ச் வெளிச்சத்தில் படம் தெரிகிறது, பேக்லைட்டைப் பாருங்கள் என்பது பொருள். விஷயம் அறிந்த வீடு என்பதை வந்தவர் அக்கணமே உணர்ந்து கொள்வார். பழுது பார்ப்போர் எல்லாரும் வஞ்சகர் என்று நாம் கூறவில்லை. நேர்மையும் கைத்திறனும் உடையோர் எல்லா ஊரிலும் உள்ளனர். ஆயினும், கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலை நல்லவரையும் சோம்பச் செய்யும்.

பிறகு சில வினாக்களைக் கேட்க வேண்டும். கெட்டது விளக்கா, மின்பலகையா? பலகையைச் சீர் செய்வாரா, மாற்றுவாரா? எல்.இ.டி. பட்டியாயின் ஒரு விளக்கை மட்டும் மாற்றுவாரா, பட்டிகள் யாவற்றையுமா? ஒன்றை மட்டும் மாற்றினால் கூலி குறையும். ஆனால் அதே வயதுடைய மற்ற விளக்குகள் சில மாதங்களில் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் பேனலைத் தூக்கி வைக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே எல்லாப் பட்டிகளையும் ஒருங்கே மாற்றுவதே முடிவில் சிக்கனம். குழல் விளக்குப் பெட்டிகளில் குழல்களை எடுத்துவிட்டு எல்.இ.டி. பட்டிகளைப் பொருத்தித் தருவதும் உண்டு. அதனைச் செய்து பழகியவரிடமே கொடுக்க வேண்டும். செலவை எழுத்தில் பெறுதலும், கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்குதலும், எத்தனை மாதத்திற்குப் பொறுப்பு என்பதை ரசீதில் எழுதச் செய்தலும் மறக்கலாகாதவை.

உறுப்புகள் கிடைக்கவில்லை என்ற விடை வந்தால் அதனோடு நின்றுவிட வேண்டா. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத்ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் சாலை, கொல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. சாலை ஆகியன மின்னணு உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற இடங்கள். பெட்டியின் முதுகிலுள்ள மாடல் எண்ணையும், பழுது பார்ப்பவர் கழற்றிய பலகையின் மீது அச்சிட்ட எண்ணையும் கைப்பேசியில் படம் பிடித்துச் செல்வது நன்று. கூலி பெற்றுக் கொண்டு வேலையைச் செய்து தராதவர் மீது முறையிட, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கைவிட வேண்டிய காலம்

எதையும் காத்துக் கொண்டே இருப்பதும் அறிவுடைமை ஆகாது. பேனலில் வெடிப்போ நீங்காத கோடோ இருந்தால், அதனை மாற்றும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்கும், அதனை விட்டுவிடலாம். பின்னொளிப் பழுதாயினும், கேட்கும் கூலி அதே அளவுள்ள புதிய பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் இருமுறை எண்ண வேண்டும். பழைய குழல் விளக்குப் பெட்டி நாள்தோறும் மிகுதியாக உண்ணும் மின்சாரத்தையும் கணக்கிற் சேர்த்துக் கொள்க.

அவ்வாறு கைவிடும்போது கபாடிக்காரரிடம் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் குழல்கள் அவர் கிடங்கில் நொறுங்கும். பாதரசமும் மின்பலகைகளிலுள்ள ஈயமும் அங்கே வெறுங்கையால் பிரிக்கும் சிறுவர்களைச் சேரும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இப்பெட்டிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களில் சேர்க்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர்ந்தது. உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, பழைய பெட்டியை எங்கே ஒப்படைப்பது என்று கேட்பது நம் கடமை.

நெடுநாள் உழைக்கச் செய்ய

பின்னொளியின் பகைவன் வெப்பம். புதிய பெட்டிகள் கடையில் பளிச்சென்று தோன்றுவதற்காகப் பின்னொளி மிகுதியாகவே வைக்கப்பட்டு வருகின்றன. மெனுவில் 'பேக்லைட்' என்று தனியே குறித்த அளவைப் பாதியளவுக்குக் குறைத்தால் கண்ணுக்கும் இதம். விளக்கும் நெடுநாள் உழைக்கும். 'பிரைட்னஸ்' என்பது பெரும்பாலான பெட்டிகளில் வேறு அளவு. அதைக் குறைப்பதால் விளக்கிற்குப் பயன் இல்லை. பெட்டியின் முதுகிற்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடையேனும் இடைவெளி வேண்டும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் மழைக்காலத்தில் பெட்டியை வாரக்கணக்கில் போடாமல் வைத்திருத்தல் நன்றன்று. காற்றுத் துளைகளின் வழியே பல்லியும் கரப்பானும் உட்புகுந்து மின்பலகையைக் கெடுப்பதும் உண்டு. துளைகளை அடைக்காமல், சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்தலே அதற்கு மருந்து.

வீட்டிலுள்ள பாட்டியோ தாத்தாவோ, "படம் தெரியவில்லையே அம்மா" என்று கூறும் நாளில், முதலில் தவணைக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இரவு வரும் வரை காத்திருந்து, அறை விளக்கை அணைத்து, டார்ச்சை எடுத்துத் திரையருகே பிடித்துப் பார்ப்போம். மங்கலாகவேனும் ஓர் உருவம் தெரிந்தால், அப்பெட்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பழுது பார்ப்பவரை அழைத்து, கேட்க வேண்டியவற்றைக் கேட்போம்.